வட்டத்தை இரண்டாக வெட்டாதீர்கள்

அன்புள்ள வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு,

சென்ற கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தைப் பற்றித்தான் இந்த மடல். இனி வரலாற்று நூல்களுக்கு இரண்டாவது ஞாயிறு, அறிபுனைவுக்கு நான்காவது ஞாயிறு என்று பிரித்துவிட்டீர்களாம். வேற்றுக்கிரகக் கதைகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பெரியவர்களுக்குப் பொறுமையில்லை. ஆட்சியாண்டும் கல்வெட்டு எண்ணும் காதில் விழுந்தால் இளைஞர்களுக்குக் கொட்டாவி வருகிறது. இரு தரப்புக்கும் சௌகரியம் என்பதால் ஏகமனதாக நிறைவேறியது என்று சொன்னார்கள். அன்று நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் அது ஏகமனதாக இருந்திருக்காது.

சில மாதங்களாக நான் இந்த இரண்டு வகையையும் ஜோடி சேர்த்துப் படித்துவருகிறேன். ஒரு நாவல் முடிந்ததும் அதே விஷயத்தைத் தொடும் ஒரு வரலாற்று நூல், அல்லது அது முதலில், நாவல் பிறகு. இப்படிப் படிக்கப் படிக்க, இரண்டு வகைக்கும் ஒரே ஒரு சோதனை போதும் என்று தோன்றிவிட்டது. புத்தகத்துக்குள் வாழும் மனிதர்களுக்குத் தங்கள் கதையின் முடிவு தெரியாமல் இருக்கிறதா? அவ்வளவுதான். 1876-ல் ஐப்பசி மழையை எதிர்பார்த்து வரப்பில் நின்ற குடியானவருக்கு, தாம் ‘தாது வருஷப் பஞ்ச’த்துக்குள் நிற்பது தெரியாது. அவருக்கு அது மழை தள்ளிப்போகும் ஒரு வருஷம், அவ்வளவே. அந்தத் தெரியாமையை நமக்கு மீட்டுத் தரும் புத்தகம் எந்த அலமாரியில் இருந்தாலும் நல்ல புத்தகம். தராதது, எத்தனை அடிக்குறிப்பு போட்டிருந்தாலும், எத்தனை விண்கலம் பறக்கவிட்டாலும், சவசவதான்.

முதல் ஜோடியே பஞ்சத்தைப் பற்றியது. மைக் டேவிஸ் 2001-ல் எழுதிய ‘லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்’. கிம் ஸ்டான்லி ராபின்சன் 2020-ல் எழுதிய ‘தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்’. இந்த இரண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

ராபின்சனின் நாவல் உத்தரப் பிரதேசத்து ஊர் ஒன்றில் தொடங்குகிறது. வெப்ப அலை. காற்றில் ஈரப்பதமும் ஏறிவிட்டதால் உடம்பிலிருந்து வியர்வை ஆவியாவதில்லை. நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூடச் செத்துப்போகிற நிலை. மின்சாரம் போகிறது. ஊரே ஏரிக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது. அந்தத் தண்ணீரும் உடம்பைவிடச் சூடு. விடியும்போது உயிரோடு இருப்பது ஃப்ராங்க் மே என்ற அமெரிக்கத் தொண்டூழியர் ஒருவர்தான். அந்த ஒரு வெப்ப அலையில் நாடு முழுக்க இறந்தவர்கள் இரண்டு கோடிப் பேர் என்கிறது நாவல். அக்கினி நட்சத்திரத்தில் மின்வெட்டோடு வாழ்ந்து பழகிய நமக்கு அந்த அத்தியாயத்தில் கற்பனை என்று ஒதுக்கிவைக்க அதிகம் இல்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வரும் நூற்றுச் சொச்சம் அத்தியாயங்கள்தான் பிரச்சினை. ஜூரிச் நகரில் ஓர் அமைச்சகம், அதன் தலைவி மேரி மர்ஃபி, மத்திய வங்கிகளோடு பேச்சுவார்த்தை, கரியமில வாயுவை வெளியேவிடாமல் தடுப்பவர்களுக்குக் கொடுக்கும் புதுவகை நாணயம். எரிமலை வெடித்தால் வானில் படரும் கந்தகத் தூசியைப்போல இந்திய விமானங்கள் தாங்களே தூவிச் சூரியனை மங்கவைக்கின்றன. எல்லாம் சுவாரசியமான யோசனைகள். பொருளாதாரம் படித்த நம் நண்பர்கள் ஒரு மாலை முழுக்கச் சண்டைபோடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நாவலில் ஓர் ஒளித்துகள்கூடத் தன் கதையைத் தானே சொல்கிறது, சந்தை பேசுகிறது, சூரியன் பேசுகிறது. ஏரிக்குள் நின்று செத்த அந்த ஊர்க்காரர்களில் ஒருவருக்கும் ஓர் அத்தியாயம் இல்லை. மனநோயும் குற்றவுணர்வும் கோபமும் பிழைத்த வெள்ளைக்காரருக்கு மட்டும்தான். செத்தவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தக் குறையோடு டேவிஸைத் திறந்தால் அதே கணக்கு, 150 வருஷத்துக்கு முந்தையது. 1876-ல் சென்னை மாகாணத்தில் பருவமழைகள் பொய்த்தன. பசிபிக் கடல் சூடேறியதால் ஒரே சமயத்தில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் வறட்சி. வானம் செய்தது அதுவரை. மிச்சத்தைச் செய்தவர்களைத்தான் டேவிஸ் பெயர் சொல்லி வரிசையாக நிறுத்துகிறார். 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்துகிறார். இங்கே தெற்கே ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. புதிதாகப் போட்ட ரயில் பாதைகள் தானியத்தைப் பசித்தவர்களிடம் கொண்டுவந்தது கொஞ்சம். விலை கிடைக்கும் இடத்துக்கும் துறைமுகத்துக்கும் கொண்டுபோனது நிறைய. இறந்தவர் தொகை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் ஐம்பது லட்சத்துக்குக் கீழே இறங்காது.

அந்த நூலில் என்னைப் பிடித்து நிறுத்திய பாத்திரம் ரிச்சர்ட் டெம்பிள். ‘பாத்திரம்’ என்றே சொல்கிறேன். எந்த நாவலாசிரியரும் ஆசைப்படக்கூடிய மனிதர். 1873-74 பிகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கி, சாவே அநேகமாக இல்லாமல் பார்த்துக்கொண்டவர் இவர்தான். அதற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்ற பட்டம். மூன்று வருஷம் கழித்து, கெட்ட பெயரைத் துடைத்துக்கொள்ளத் துடித்த அதே மனிதரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு சிறு காசு என்று கூலியை வெட்டினார் டெம்பிள். அது போதாது, பருப்பாவது சேருங்கள், ஆள்கள் எலும்பாகிக்கொண்டிருக்கிறார்கள் என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் விடாமல் வாதாடினார். பம்பாய் மாகாணத்தில் இந்தக் கூலிக்கு வேலை செய்ய மாட்டோம் என்று பசியோடிருந்த மக்களே வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். சாகக் கிடக்கிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்! இந்தப் பக்கத்தைப் படித்தபோது ராபின்சன் இதைப் படித்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய ஏரிக்கரையில் நின்றவர்களுக்கு இப்படி ஒரு எழுந்திருத்தல்கூடக் கிடைக்கவில்லை.

டேவிஸிடமும் மிகை இருக்கிறது. டெம்பிள் கூலியின் உணவு 1,627 கலோரி, நாஜிகளின் புஷென்வால்ட் முகாமில் 1944-ல் 1,750 கலோரி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போடுகிறார். அட்டவணை மறக்காது, ஆனால் அது வாசகரின் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிற வேலை. தீர்த்தங்கர் ராய் போன்ற பொருளாதார வரலாற்றாசிரியர்கள் ஆட்சியாளர்களே காரணம் என்ற டேவிஸின் வாதத்தை ஏற்பதில்லை. நிலவியலும், அரசுக்கு அன்றிருந்த குறைந்த அறிவும் வசதியுமே பெரிய காரணங்கள் என்பார்கள். என் தீர்ப்பு டேவிஸ் பக்கமே சாய்கிறது. பிகாரில் முடிந்தது சென்னையில் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு நிலவியல் பதில் சொல்லாது.

சென்னை போகிறவர்கள் ஒன்று செய்யலாம். மயிலாப்பூர் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் கறுப்பாகத் தேங்கி நிற்கிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி இந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயர்தான் அதற்கு. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இனி வரலாற்று அன்பர்களுக்கு ஒரு கேள்வி. அறிபுனைவு, மாயப்புனைவு எல்லாம் மேற்கத்திய விளையாட்டு என்று சொல்கிறீர்களே, இதே பஞ்சத்தைப் பாடிய வில்லியப்ப பிள்ளையை எந்த ஞாயிற்றுக்கிழமையில் சேர்ப்பீர்கள்? ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ என்ற அவருடைய நீண்ட பாட்டு நூலில் பசியால் வாடியவர்கள் மதுரைச் சொக்கநாதரிடம் போய் முறையிடுகிறார்கள். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? தம்மால் ஆகாது என்று கையை விரித்து, சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். கடவுளே சிபாரிசுக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்துவிட்ட உலகம்! நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து நடந்த பஞ்சத்தின் குரல்வளையைப் பிடிக்கிறார் பிள்ளை. கார்னிஷின் அறிக்கையில் இல்லாத சிரிப்பும் ஆத்திரமும் அதில் இருக்கின்றன. இதை வரலாற்று ஆவணம் என்று எடுத்தாலும் சரி, புனைவு என்று எடுத்தாலும் சரி, ஒரு கால் வெளியே தொங்கும்.

அடுத்த ஜோடி கொள்ளைநோய். கோனி வில்லிஸின் ‘டூம்ஸ்டே புக்’ 1992-ல் வந்தது; ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கியது. 2054-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படிக்கும் கிவ்ரின் என்ற பெண்ணைக் காலப் பயணத்தில் 1320-க்கு அனுப்புகிறார்கள். கணக்குப் பிசகி அவள் போய் இறங்குவது கறுப்பு மரணம் என்ற கொள்ளைநோய் இங்கிலாந்துக்கு வந்த 1348-ல். வருஷம் எதுவென்று அவளுக்கே வெகுநேரம் தெரியாது. அனுப்பிவைத்த இயந்திரத்தை இயக்கியவர் விஷயத்தைச் சொல்வதற்குள் காய்ச்சலில் விழுந்துவிடுகிறார். ஏனென்றால் அந்த எதிர்கால ஆக்ஸ்ஃபோர்டிலும் ஒரு தொற்று பரவத் தொடங்கிவிட்டது. இரண்டு நூற்றாண்டுகளிலும் ஆள்கள் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள்: வம்பு பேசுகிறார்கள், விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள், யார் மேல் பழிபோடலாம் என்று தேடுகிறார்கள். கிவ்ரினின் மணிக்கட்டில் ஒலிப்பதிவுக் கருவி. பதிவுசெய்யக் கைகூப்ப வேண்டும்; பார்க்கிறவர்களுக்கு அவள் பிரார்த்தனை செய்வதாகத் தோன்றும். கடைசிப் பகுதியில் அவள் கைகூப்பும்போது எது பதிவு, எது பிரார்த்தனை என்று பிரிக்க முடிவதில்லை.

நாவலின் நடுப்பகுதி இழுவை. அதிலும் 2054-ல் ஆளாளுக்குத் தொலைபேசி தேடி அலைவதையும், லைன் கிடைக்காமல் அறையிலேயே காத்திருப்பதையும் படிக்கையில் சிரிப்பு வரும். 1992-ல் உட்கார்ந்து காலப் பயணத்தைக் கற்பனை செய்த அம்மையாருக்குச் சட்டைப்பையில் போகும் செல்பேசி எட்டவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எதிர்காலத்தைப் பற்றிய எல்லாப் புத்தகமும் எழுதப்பட்ட வருஷத்தின் வரலாற்று ஆவணமும்தான். நம் சுஜாதாவின் ஜீனோ என்ற இயந்திர நாய் வரும் கதையை இன்று திரும்பப் படித்தால், தெரிவது எண்பதுகளின் தமிழ்நாடு.

இதற்கு ஜோடி ஜான் ஹாட்சரின் ‘தி பிளாக் டெத்’ (2008). ஹாட்சர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர், இடைக்கால இங்கிலாந்தின் கூலியும் விலையும் குடிக்கணக்கும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சஃபோக் பகுதியில் வால்ஷம் என்ற கிராமம். அங்கே பண்ணை நீதிமன்றத்தின் பதிவேடுகள் அந்தக் காலத்திலிருந்தே தப்பிப் பிழைத்திருக்கின்றன. யார் இறந்தார், அவர் நிலம் யாருக்குப் போனது, இறந்தவர் வீட்டின் நல்ல மாட்டைப் பண்ணையார் எப்போது ஓட்டிக்கொண்டு போனார் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒருவருக்காவது பயமாக இருந்ததா என்பது மட்டும் அதில் இல்லை. இங்கேதான் பேராசிரியர் துணிகிறார். மாஸ்டர் ஜான் என்று ஒரு பாதிரியாரைக் கற்பனையாகப் படைத்து, அவரைச் சுற்றி அந்தக் கிராமத்தின் மாதங்களைச் சொல்கிறார். தூரத்து ஊர்களிலிருந்து வதந்தியாக வரும் நோய், அது நம் ஊருக்கு வருமா வராதா என்று ஜனங்கள் தவிக்கும் நாள்கள், வந்த பிறகு பாவமன்னிப்புக்கு ஆள் போதாமை. நாவலாசிரியரின் கை இவருக்கு இல்லை, உரையாடல்கள் மரக்கட்டை. ஆனால் 2020-ன் மார்ச் மாதத்தை அனுபவித்த எவருக்கும் அந்த வதந்திக் காலத்துப் பக்கங்கள் உறைக்கும். பிழைத்தவர்களின் கூலி ஏறியதும், பழைய கூலிக்குத்தான் வேலை செய்ய வேண்டும் என்று 1349-லேயே அரசாணை பிறந்த இடம் வரும்போது பேராசிரியர் தம் சொந்த மைதானத்துக்கு வந்துவிடுகிறார். அங்கே அவரை யாரும் பிடிக்க முடியாது.

நாவலாசிரியை ஆவணம் தயாரிக்க முயல்கிறார். ஆவணக்காரர் நாவல் எழுத முயல்கிறார். இருவரும் ஒரே சுவரை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இடிக்கிறார்கள். நீங்களோ இரண்டு ஞாயிறு ஒதுக்கி அதே சுவருக்குப் பூச்சு வேலை செய்கிறீர்கள்.

சீனத்தைப் பற்றிய ஜோடி இளைஞர்களுக்குப் பிடித்தது. லியு சிஷினின் ‘த்ரீ பாடி பிராப்ளம்’. பலர் நெட்ஃபிளிக்ஸ் தொடராகப் பார்த்திருப்பீர்கள். வேற்றுக்கிரகத்தாருக்குப் பூமியைக் காட்டிக்கொடுக்கும் யே வென்ஜியே ஏன் அப்படிச் செய்தாள்? 1967-ல், கலாசாரப் புரட்சிக் கூட்டமொன்றில் அவள் கண்ணெதிரே இயற்பியல் பேராசிரியரான அவள் தந்தையைச் செங்காவலர் படைச் சிறுமிகள் அடித்தே கொன்றார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் நாவல் தொடங்குவதே இந்தக் காட்சியில்தான். 2008-ல் வந்த சீனப் புத்தகத்தில் அது நடுவே எங்கோ ஒதுக்கி வைக்கப்பட்டது, தணிக்கைக்காரர்களின் கண்ணில் முதல் பக்கத்திலேயே பட வேண்டாம் என்று. மொழிபெயர்த்த கென் லியு, ஆசிரியரின் சம்மதத்தோடு, பழையபடி முன்னே கொண்டுவந்தார். அந்த மொழிபெயர்ப்புதான் 2015-ல் ஹியூகோ வாங்கியது. ஒரு வரலாற்றுக் காட்சியை எந்தப் பக்கத்தில் வைக்கலாம் என்பதே அரசியலாக இருக்கும் நாட்டில், அறிபுனைவு வெறும் பொழுதுபோக்கு என்று யாரும் நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியில் விண்கலமே இல்லை. பல வருஷம் கழித்து வென்ஜியே, தந்தையைக் கொன்ற பெண்களில் எஞ்சியிருப்பவர்களை வரவழைத்து, ஒரு வருத்தச் சொல்லை எதிர்பார்த்து நிற்கிறாள். அவர்களோ, கிராமங்களுக்கு அனுப்பப்பட்டு நாசமான எங்கள் வாழ்க்கைக்கு யார் வருத்தப்பட்டார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பிற்பாதியில் வரும் இயற்பியல் வகுப்புகளையும் அட்டைப் பொம்மை விஞ்ஞானிகளையும் இந்த ஒரு காட்சிக்காக மன்னிக்கலாம்.

கூடவே ஃபிராங்க் டிகோட்டரின் ‘தி கல்ச்சுரல் ரெவல்யூஷன்’ (2016) படித்தேன். 1966 ஆகஸ்டில் பெய்ஜிங் பெண்கள் பள்ளி ஒன்றின் துணைத் தலைமையாசிரியை பியன் சோங்யுனை அவருடைய மாணவிகளே அடித்துக் கொன்றதும் அதில் வருகிறது. டிகோட்டருக்கு மாவோ மீதுள்ள வெறுப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். சில இடங்களில் சம்பவங்களை அடுக்கிக்கொண்டே போவதில் மரத்துப்போகிறோம். ஆனால் கடைசிப் பகுதி அருமை. எழுபதுகளில் கிராமத்துக் குடியானவர்கள் யாரிடமும் சொல்லாமல் கூட்டுப்பண்ணை நிலத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; திருட்டுத்தனமாகச் சந்தை கூட்டுகிறார்கள். மாவோ சாவார், டெங் சியாவோபிங் ஆட்சிக்கு வருவார், இதெல்லாம் ஒருநாள் சட்டமாகும் என்று அவர்களுக்கு யாரும் ஜாதகம் பார்த்துச் சொல்லவில்லை. பிடிபட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும். தெரிந்தே செய்தார்கள்.

மற்றவை சுருக்கமாக. அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசை ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய கிப்பனின் பெருநூலிலிருந்து பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் ஹாரி செல்டன் என்ற கணித மேதைக்கு ஆயிரம் வருஷத்து எதிர்காலம் முன்கூட்டியே தெரியும். ஆகவே முதல் நூல் முழுக்க எனக்கு ஒரு படபடப்பும் இல்லை. இரண்டாவது நூலில், எந்தக் கணக்கிலும் இல்லாத ‘ம்யூல்’ என்ற ஒருவன் வந்து செல்டனின் திட்டத்தைக் கலைக்கும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிப்பனும் செல்டன்போலத்தான், எல்லாம் தெரிந்தவர். ஆனால் அவருடைய நக்கல் அவரைக் காப்பாற்றிவிடுகிறது. பிலிப் கே. டிக்கின் ‘தி மேன் இன் தி ஹை காசில்’ இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரும் ஜப்பானும் வென்ற உலகைக் காட்டுகிறது. முடிவு அவசரக் கோலம், ஆனால் ஜப்பானிய எஜமானர்களிடம் அமெரிக்கக் கடைக்காரர் ஒருவர் குழைவதைக் காட்டும் பக்கங்களை அடிமை நாட்டில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் மொழியில் குவியும் வரலாற்று நாவல்களை நினைத்தால் எரிச்சல் வருகிறது. இளவரசன் பிறந்த நாளிலேயே அவன் பேரரசன் ஆகப்போவது அரண்மனைச் சேடிக்கும் தெரிந்திருக்கிறது. பதிப்புரையிலேயே பெரிய கோயில் கட்டி முடித்துவிடுகிறார்கள். முடிவு தெரிந்தவர்களுக்கு முடிவெடுக்க என்ன இருக்கிறது? அவர்கள் வசனம் பேசலாம், வாள் சுழற்றலாம். அவ்வளவுதான் முடியும், அதைத்தான் செய்கிறார்கள். அறிபுனைவு பக்கம் போனாலும் கதை வேறல்ல; ரோபோவுக்குக் காதல் வந்ததும் ஆசிரியருக்குத் திருப்தி வந்துவிடுகிறது. ஜெயமோகனின் ‘விசும்பு’போல இந்த மண்ணின் மருத்துவத்தையும் தத்துவத்தையும் உரசிப் பார்த்த முயற்சிகள் விரல்விட்டு எண்ணும் அளவே.

ஆகவே என் வேண்டுகோள் இது. தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மறுபரிசீலனைக்கு எடுத்து, மாதம் ஒரே கூட்டம் என்று பழையபடி வையுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வரலாற்று நூல், அதோடு உரசும் ஒரு புனைவு. வரலாற்று நூலைப் பற்றி இளைஞர்களில் ஒருவர் பேசட்டும், நாவலைப் பற்றிப் பெரியவர்களில் ஒருவர் பேசட்டும். மாற்றிப் போட்டால்தான் சண்டை சூடு பிடிக்கும். முதல் ஜோடியாக டேவிஸையும் ராபின்சனையும் முன்மொழிகிறேன். ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்கு ராபின்சனின் முதல் அத்தியாயத்தையும், டெம்பிள் வரும் பக்கங்களையும் நான் தமிழில் சொல்லிவிடுகிறேன். உங்களில் யார் வீட்டிலாவது தாது வருஷத்துப் பஞ்சக் கும்மியோ வில்லியப்ப பிள்ளையின் நூலோ பழைய பெட்டியில் கிடந்தால், கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, அன்று கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டத்து வாசகி ஒருத்தி